எல்லாரும் கைதட்டுற போரை எதிர்த்துப் பேசுவது எப்படி?

(தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சிப் பாசறையில் நம் அணித் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'நெருக்கடி நேரத்தில் சமூக ஊடகம்'. புயல், வெள்ளம், வதந்தி பத்தியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் வேற ஒரு நெருக்கடியை எடுத்துக்கிறேன். நாட்டை ஆளுற அரசு ஒரு போரைத் தொடங்குது. பத்துல ஒன்பது பேர் கைதட்டுறாங்க. உங்க அப்பா, காலேஜ் வாட்ஸ்அப் குரூப், தெருமுனை டீக்கடை எல்லாரும் அந்தப் பக்கம். உங்களுக்கு மட்டும் 'இது சரியில்லையே'ன்னு உறுத்துது. அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன போஸ்ட் போடுவீங்க?

பெரும்பாலும் நடக்கிறது ரெண்டு. டிபியை மாத்திட்டு கூட்டத்தோட போயிடுவோம். இல்லைன்னா கோபத்துல நாலு வரி எழுதி, ஆயிரம் பேர்கிட்ட 'தேசத்துரோகி' பட்டம் வாங்கி, காலையில டெலிட் பண்ணிடுவோம். மூணாவதா ஒரு வழி இருக்கு. 125 வருஷத்துக்கு முன்னாடி, உலகத்துலயே பெரிய சாம்ராஜ்யத்துக்குள்ள உட்கார்ந்துகிட்டே சிலர் அதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. போயர் போர்னு பள்ளிப் பாடத்துல ஒரு வரி வந்திருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற கதையைக் கேளுங்க.

1899 அக்டோபர் 11-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் தொடங்கியது. போயர்கள் என்றால் டச்சு வம்சாவளி வெள்ளைக்கார விவசாயிகள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்று இரண்டு சின்னக் குடியரசுகள் அவர்களிடம் இருந்தன. 1886-ல் டிரான்ஸ்வாலில் ஏராளமாகத் தங்கம் கிடைத்தது. அதுக்கப்புறம் எப்படிப் போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா லண்டன் வெளியில சொன்ன காரணத்துல தங்கம்ங்கிற வார்த்தையே கிடையாது. அங்க போய்க் குடியேறின பிரிட்டிஷ்காரங்களுக்கு ஓட்டுரிமை தரலை, அதை வாங்கிக் கொடுக்கப் போறோம்னு சொன்னாங்க. (அந்தச் சமயத்துல இங்கிலாந்துலயே எந்தப் பெண்ணுக்கும் நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டு கிடையாது. ஆண்கள்லயும் கணிசமானவங்களுக்குக் கிடையாது.)

சீக்கிரம் முடிஞ்சிடும்னு நினைச்சு, தொடக்கத்துல நாடாளுமன்றத்துல கேட்ட தொகை 1 கோடி பவுண்டு. போர் 1902 மே 31 வரைக்கும் இழுத்தது. செலவு 20 கோடி பவுண்டைத் தாண்டிப் போச்சு.

மக்கள் மனநிலை எப்படி இருந்தது? மாஃபெகிங் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை 217 நாள் முற்றுகையில் மாட்டிக் கிடந்தது. முற்றுகை உடைந்த செய்தி 1900 மே 18 இரவு லண்டனுக்கு வந்தது. ஊரே தெருவுக்கு வந்து ஆடியது. அந்த ஆட்டத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'மாஃபிக்' என்று தனியா ஒரு வினைச்சொல்லே உண்டானது. அரைப் பென்னிக்கு விற்ற 'டெய்லி மெயில்' பத்திரிகை அப்போதான் 1896-ல் தொடங்கி வீடு வீடா போய்க்கிட்டு இருந்தது. அந்தக் காலத்து ஃபார்வர்டு மெசேஜ்னு வச்சுக்கோங்க.

சூடு ஆறுறதுக்குள்ள ஆளுங்கட்சி தேர்தலை வச்சது. 1900 செப்டம்பர், அக்டோபரில் நடந்த அந்தத் தேர்தலுக்கு 'காக்கித் தேர்தல்' என்றே பெயர். ஆளுங்கட்சி ஒரு தொகுதியை இழந்தால் அது போயர்களுக்குப் போகிற தொகுதி என்பதுதான் பிரசாரமே. எதிர்த்து ஓட்டுப் போட்டா எதிரி நாட்டுக்காரன். இந்த டெம்ப்ளேட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குல்ல? ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 402 இடம். எதிர்க்கட்சியான லிபரல் கட்சி 180 சொச்சத்தில் நின்றது. அந்தக் கட்சிக்குள்ளேயே போரை ஆதரிக்கிறவங்க ஒரு அணி, எதிர்க்கிறவங்க ஒரு அணி, வாயைத் திறக்காம நடுவுல நிக்கிறவங்க ஒரு அணி.

எதிர்த்த அணியில் ஒருத்தர் டேவிட் லாயிட் ஜார்ஜ். வேல்ஸ்காரர், தாய்மொழி வெல்ஷ். அப்பா இல்லாத பிள்ளை, செருப்புத் தைக்கிற தாய்மாமா வீட்டில் வளர்ந்து வக்கீலானவர். 1890-ல் வெறும் 18 ஓட்டு வித்தியாசத்தில் எம்.பி. ஆனார். காக்கித் தேர்தல் நடக்கும்போது வயசு 37. இவ்வளவு மெலிஞ்ச தொகுதியை வச்சிருக்கிறவர் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதானே புத்திசாலித்தனம்? அவர் மூடலை.

அவர் என்ன பேசினார்ங்கிறதைக் கவனிங்க. சிப்பாய்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசலை. பணத்தைப் பத்திப் பேசினார். முதியோர் ஓய்வூதியம் கொண்டு வருவோம்னு பேசி ஓட்டு வாங்கினவங்கதான் ஆட்சியில இருந்தாங்க. ஓய்வூதியம் வரலை, போர் வந்தது. ஆப்பிரிக்க மலையில வெடிக்கிற ஒவ்வொரு குண்டும் இங்க ஒரு கிழவரோட ஓய்வூதியத்தைத் தூக்கிட்டுப் போகுதுன்னு கூட்டம் கூட்டமா போய்ச் சொன்னார். போரைக் கொண்டாடுற ஒரு தொழிலாளிக்கும் புரியிற கணக்கு அது.

இன்னொண்ணு, 1900 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். போரின் முகமாக இருந்த அமைச்சர் ஜோசப் சேம்பர்லின். அவருடைய தம்பி ஆர்தர் சேம்பர்லின், கைனக் என்ற வெடிமருந்துக் கம்பெனியின் தலைவர். அந்தக் கம்பெனிக்கு அரசு ஒப்பந்தம் போகிறது. லாயிட் ஜார்ஜ் 'திருடன்'னு கத்தலை. குடும்பத்துக்குப் பங்கு இருக்கிற கம்பெனி, அரசு ஒப்பந்தம் எடுக்கலாமா, அமைச்சர்களுக்கு ஒரு விதி வேண்டாமான்னு மட்டும் கேட்டார். திருத்தம் தோத்துப் போச்சு. ஆனா கேள்வி அவைக்குறிப்பில ஏறிடுச்சு. அதுக்கப்புறம் அதை யாராலும் டெலிட் பண்ண முடியாது.

விலை கொடுத்தாரா? கொடுத்தார். அவரோட தொகுதிக்குள்ளேயே இருக்கிற பாங்கர் ஊரில் கூட்டம் முடிஞ்சு வரும்போது மண்டையில அடி விழுந்தது. வக்கீல் தொழில் படுத்தது. பள்ளிக்கூடத்துல மகனைப் படுத்தின பாட்டுக்கு, வேற பள்ளிக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. 1901 டிசம்பர் 18, பர்மிங்காம் நகர மண்டபம். சேம்பர்லினின் சொந்தக் கோட்டை. வெளியே பல்லாயிரக்கணக்கான கூட்டம், கல்லும் செங்கல்லும் பறக்குது, ஜன்னல் ஒண்ணு மிச்சமில்லை. ஒரு போலீஸ்காரரோட உடுப்பைப் போட்டுக்கிட்டு, போலீஸ் அணிவகுப்போட அணிவகுப்பா நடந்து தப்பிச்சார். நம்ம கமெண்ட் பாக்ஸை நினைச்சுப் பயப்படுறவங்க இந்தக் காட்சியை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

இதுல ஆச்சரியம், காக்கித் தேர்தலில் அவர் ஜெயிச்சார். அதுவும் முந்தின தேர்தலைவிடக் கூடுதலாக, 296 ஓட்டு வித்தியாசத்தில்.

ஆனா என்னைக் கேட்டா இந்தக் கதையோட நாயகர் அவர் கிடையாது. எமிலி ஹாப்ஹவுஸ். ஐ.டி. விங்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய பெயர்.

போயர்கள் ஊர் ஊராகத் தோற்ற பிறகும் கெரில்லாப் போரைத் தொடர்ந்தார்கள். தளபதி கிச்சனர் அவர்களுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று பண்ணைகளைக் கொளுத்தச் சொன்னார். ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் எரிந்தன. வீடிழந்த பெண்களையும் குழந்தைகளையும் கூடார முகாம்களில் அடைத்தார்கள். அரசு சொன்ன பெயர் 'அகதி முகாம்'. நாங்க அவங்களைப் பாதுகாக்கிறோம்னு விளக்கம் வேற.

ஹாப்ஹவுஸ் 40 வயசு, கார்ன்வால் பகுதியில் ஒரு பாதிரியார் மகள். எந்தப் பதவியும் இல்லை. நிவாரண நிதி திரட்டி, 1900 டிசம்பர் கடைசியில் கேப் டவுனில் போய் இறங்கினார். 1901 ஜனவரி 24-ல் புளூம்ஃபான்டெய்ன் முகாமுக்குள் போனார். அங்க போய் அவர் செஞ்ச வேலை, எண்ணினது, குறிச்சது, கேட்டது. ஒரு கூடாரத்துல எத்தனை பேர், குடிக்க எவ்வளவு தண்ணி, அதைக் கொதிக்க வைக்க விறகு இருக்கா, பால் இருக்கா. சோப்பு கேட்டதுக்கு அது ஆடம்பரப் பொருள்னு பதில் வந்தது. புருஷன் இன்னும் சண்டையில இருக்கிற குடும்பத்துக்கு ரேஷன் குறைச்சல். அதாவது அப்பன் சரணடையலைன்னா குழந்தைக்குச் சோறு குறையும். குடும்பம் குடும்பமா உட்கார்ந்து வாக்குமூலம் எழுதி வாங்கினார்.

இங்கிலாந்து திரும்பினதும் நேரா மேடை ஏறலை. முதலில் போர்த்துறை அமைச்சரையே பார்த்து, இன்னின்ன குறை, இப்படி இப்படிச் சரி பண்ணலாம்னு பட்டியல் கொடுத்தார். அப்புறம் எதிர்க்கட்சித் தலைவர் கேம்ப்பெல்-பேனர்மேனைப் பார்த்தார். அதுவரைக்கும் கட்சியை உடையாம காப்பாத்தணும்னு நடுவுல நின்னவர் அவர். அடுத்த நாளே, 1901 ஜூன் 14, ஒரு விருந்துக் கூட்டத்தில், நாம் நடத்துவது காட்டுமிராண்டித்தனமான முறைகள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பத்திரிகைகள் கொதித்தன. ராணுவத்தை அவமானப்படுத்திட்டார்னு கத்தினாங்க. அவர் வார்த்தையை வாபஸ் வாங்கலை.

அப்போ ஒரு ஃபோட்டோ வெளியே வந்தது. லிஸ்ஸி வான் ஸில், 7 வயசுக் குழந்தை, எலும்பும் தோலுமா படுத்திருக்கும். புளூம்ஃபான்டெய்ன் முகாமில் செத்துப் போன குழந்தை. போர் ஆதரவுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? முகாமுக்கு வரும்போதே குழந்தை அப்படித்தான் இருந்தது, பட்டினி போட்டது அதோட அம்மாதான், அந்தம்மா மேல வழக்கே போட்டிருக்கு. ஹாப்ஹவுஸ் விசாரிச்சார். வழக்குன்னு ஒண்ணு நடந்ததற்கான தடயமே கிடையாது. அந்தக் காலத்துலயே ஃபேக் நியூஸ், அந்தக் காலத்துலயே ஃபேக்ட் செக். சும்மா 'பொய், பொய்'ன்னு பதில் சொல்லாம, வழக்கு எங்கே, எந்தக் கோர்ட்டுன்னு தேடிப் போனார் பாருங்க, அங்கதான் அவர் நிக்கிறார்.

வாய் வலிக்கத் திட்டினாங்க. பல இடங்களில் கூட்டம் போட அரங்கு தர மறுத்தாங்க. அக்டோபரில் மறுபடியும் கேப் டவுன் போனப்போ கரையில் கால் வைக்கவே விடாமல் வலுக்கட்டாயமா திருப்பி அனுப்பினாங்க.

ஆனா அழுத்தம் தாங்காம அரசே ஒரு விசாரணைக் குழு போட வேண்டி வந்தது. முழுக்கப் பெண்கள் கொண்ட குழு. ஹாப்ஹவுஸை அதுல சேர்க்கலை. தலைவராகப் போட்டது மில்லிசென்ட் ஃபாசெட்டை. பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடின அதே ஃபாசெட். போரை ஆதரித்தவர், அதனாலதான் அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தக் குழுவும் போய்ப் பார்த்துட்டு, முகாம் நிலைமை மோசம்னு எழுதிக் கொடுத்தது. உணவு, தண்ணி, நர்ஸ் எல்லாத்தையும் மாத்தச் சொன்னது. முகாம்களை ராணுவத்துக்கிட்ட இருந்து சிவில் நிர்வாகம் எடுத்துக்கிட்டது.

எண்ணைப் பாருங்க. 1901 அக்டோபரில் முகாம்களில் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 344. அந்த மாச வேகத்திலேயே ஒரு வருஷம் போனால் மூணு பேர்ல ஒருத்தர் காலி என்று அர்த்தம். 1902 பிப்ரவரியில் அது 69 ஆக இறங்கியது. போர் இன்னும் முடியலை. அரசு மாறலை. பெரும்பான்மை மக்கள் மனசும் மாறலை. ஆனா அந்த 344-க்கும் 69-க்கும் நடுவுல பிழைச்சது குழந்தைங்க.

'நாம நாலு பேர் கத்தினா போர் நின்னுடப் போகுதா'ன்னு நம்ம குரூப்லயே கேட்பாங்க. நிக்காது. ஹாப்ஹவுஸாலயும் நிறுத்த முடியலை. மொத்தக் கணக்கு கொடூரம்தான்: முகாம்களில் செத்த போயர்கள் 27,927 பேர், அதில் 22,074 பேர் 16 வயசுக்குக் கீழே. அவர் கத்தாம இருந்திருந்தா எண்ணிக்கை இன்னும் எங்கே போயிருக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இந்தக் கதையில இருக்கிற ஓட்டையையும் சொல்லணும். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கே பதிவான சாவு மட்டும் 14,000-க்கு மேல். ஹாப்ஹவுஸ் அந்த முகாம்களுக்குள் போகவில்லை. லாயிட் ஜார்ஜ் அவங்களுக்காகப் பெருசா குரல் கொடுக்கலை. போருக்குப் பிறகு பிரிட்டனும் போயர்களும் கை குலுக்கிக்கொண்டது கறுப்பர் உரிமையை அடகு வைத்துத்தான். சமூகநீதி பேசுற நாம இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. எந்தப் போர்லயும் யாரோட பிணத்தை எண்ணவே மாட்டேங்கிறாங்கன்னு முதல்ல பாருங்க.

நம்ம ஆளுங்களும் இதில் இருக்காங்க. நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துக்காரர்கள். போர் வந்ததும் காந்தி அங்கே இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் தோட்டக் கூலிகள். ஸ்பியன் காப் சண்டையில் குண்டடி பட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் மைல் கணக்கில் சுமந்தார்கள். காந்தியின் மனசு போயர்கள் பக்கம்தான் இருந்தது, அதை அவரே எழுதியிருக்கார். ஆனா பிரிட்டிஷ் குடிமகன்னு உரிமை கேட்கணும்னா கடமையும் செய்யணும்னு நினைச்சார். விசுவாசத்தைக் காட்டினதுக்கு என்ன கிடைச்சது? போர் முடிஞ்சு நாலே வருஷத்தில், 1906-ல், டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்யணும்னு சட்டம். அங்கிருந்துதான் சத்தியாகிரகமே தொடங்குது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயசில் இறந்தவர்தான் நம்ம தில்லையாடி வள்ளியம்மை. முதல்ல தேசபக்தியை நிரூபி, உரிமையை அப்புறம் பேசலாம்னு சொல்றவங்களுக்கு இந்த வரிசையைத் தேதியோட அனுப்புங்க.

நம்ம வரலாற்றிலும் ஒரு நாள் இருக்கு. 1987-ல் அமைதிப்படை இலங்கைக்குப் போனது. காக்கப் போன படை, அக்டோபரிலிருந்து தமிழர் பகுதியிலேயே சண்டை போட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் சிப்பாய்களும் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கப் போக முடியாது என்றார். நாடு முழுக்க என்ன ஏச்சு ஏசியிருப்பாங்கன்னு சொல்லவா வேணும்? அன்னைக்கு ட்விட்டர் இல்லை, அவ்வளவுதான்.

சரி, நாளைக்கு நம்ம வேலை என்ன? போர்ச் செய்தி வந்த முதல் நாள் டிரெண்டிங் பின்னாடி ஓடாதீங்க. சிப்பாயைக் கிண்டல் பண்ற மீம் ஒண்ணுகூட நம்ம பக்கத்திலிருந்து போகக் கூடாது. அவன் நம்ம ஊர்ப் பிள்ளை, முடிவெடுத்தவன் அவன் கிடையாது. வீடியோ கேம் காட்சி, பழைய சிரியா வீடியோ எல்லாம் எதிர்த்தரப்பு போடும். நம்ம ஆள் ஒருத்தர் ஒரே ஒரு தடவை அப்படிப் போட்டுட்டா, அடுத்த ஒரு வருஷத்துக்கு நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. அரசே வெளியிட்ட ஆவணம், பட்ஜெட் எண், நாடாளுமன்றப் பதில், இதைத்தான் எடுக்கணும். ஒப்பந்தம் யாருக்குப் போகுதுன்னு டெண்டர் பக்கத்துல பாருங்க. எல்லைக் கிராமத்துல வீடு இழந்தவங்க பெயரை, அனுமதி இருந்தா மட்டும், எழுதுங்க. அந்தப் பக்கம் செத்த பொதுமக்களையும் எண்ணுங்க. இதுக்குத்தான் அதிகமா திட்டு விழும்.

போட்டதை டெலிட் பண்ணாதீங்க. மிரட்டல் வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வழக்கறிஞர் அணிக்கு அனுப்புங்க, தனியா சண்டை போடாதீங்க. குறிப்பா பெண் தோழர்களுக்கு வர்ற மெசேஜ்களை நாங்க ஒரு குழுவா கையாளுவோம்.

இன்னொரு விஷயம், தேர்தல் பலன் எதிர்பார்த்து இதைச் செய்யாதீங்க. 1906-ல் அதே லிபரல் கட்சி 400-ஐத் தொட்டு ஜெயிச்சது, கேம்ப்பெல்-பேனர்மேன் பிரதமராக நிரூபிச்சார்னு சொல்லி உங்களை உசுப்பேத்த எனக்கும் ஆசைதான். ஆனா அந்தத் தேர்தல் முக்கியமா இறக்குமதி வரி பத்தினது, சுரங்கத்துக்குச் சீனக் கூலிகளைக் கொண்டு வந்தது பத்தினது. போரை எதிர்த்ததுக்கான பரிசுன்னு சொன்னா அது வாட்ஸ்அப் வரலாறு ஆயிடும். லாயிட் ஜார்ஜும் கடைசி வரை போர் எதிர்ப்பாளரா இருக்கலை. 1916-ல் பிரதமராகி முதல் உலகப் போரை நடத்தினதே அவர்தான். ஒண்ணு மட்டும் உண்மை: குண்டு தூக்கிட்டுப் போச்சுன்னு அவர் சொன்ன அந்த முதியோர் ஓய்வூதியம், அவர் நிதியமைச்சரா இருக்கும்போது 1908-ல் சட்டமாச்சு. 70 வயசு தாண்டினவங்களுக்கு வாரம் 5 ஷில்லிங்.

ஹாப்ஹவுஸுக்கு இங்கிலாந்தில் பெருசா எந்த மரியாதையும் கிடைக்கலை. 1926-ல் இறந்தார். அவரோட சாம்பல், முகாமில் செத்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புளூம்ஃபான்டெய்னில் எழுப்பிய நினைவுத் தூணின் அடியில் இருக்கு.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிடுச்சு, ஒருங்கிணைப்பாளர் அண்ணன் கையைக் காட்டுறார். சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இருக்கு, கேள்வி இருக்கிறவங்க கேளுங்க. இதைப் படிக்கிறவங்க கமெண்ட்ல போடுங்க, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் எழுதறேன்.